ஒரு நிமிட வலி

துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகை ஒடித்துக்கொண்டவர் சகாயராஜ். அவர் வலி மாத்திரைக்கு அடிமையான பின் ஆஸ்பத்திரி ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தது. அதோடு வந்த பட்டை அவருடைய வலியை அப்படியே இன்னொருவர் உடம்புக்குக் கடத்தும். மனைவி ஜெசிந்தா அதைக் கையில் கட்டி, அந்த வலியை ஒரு நிமிடம் தாங்கினால்தான் பெட்டி திறக்கும். ஒரு மாத்திரை விழும்.

முதல் நாளே ஜெசிந்தா அலறிவிட்டாள். அதன்பின் அவர் மாத்திரை கேட்கவே இல்லை.

"வலி போயிட்டு ஜெசி," என்றார்.

நாற்பது நாள் ஆயிற்று. பழக்கத்தை விட்டுவிட்டாரென்று அக்காவிடம் பெருமையடித்தாள். மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள்.

இன்று பெட்டியைத் திருப்பிக் கொடுக்க எடுத்தவள், சும்மா பட்டையைக் கட்டிப் பார்த்தாள். எதிரே அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் முதுகு இரண்டாகப் பிளந்தது. கீழே விழுந்தும் பட்டையைக் கழற்றவில்லை. பெட்டி திறந்தது.

"இத்தன நாளும் இதோடயா இருந்தீங்க? நான் மெழுகுதிரி ஏத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே. எடுத்துக்கோங்க."

சகாயராஜின் கை மாத்திரை வரை போனது. பிறகு மூடியை அழுத்திச் சாத்தினார்.

"ஒண்ணு போட்டா இன்னொண்ணு கேப்பேன். அப்பவும் நீதான பட்டையைக் கட்டணும்."