சாமி இழுத்த பக்கம்

தையற்காரர் இடது பக்கம் சாய்ந்தார். பல்லக்கு வலது பக்கம் போனது.

மறுபடியும் சாய்ந்தார், இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு. பல்லக்கு இரண்டடி இடது பக்கம் வந்தது. என்ன நினைத்ததோ, உடனே மூன்றடி வலது பக்கம் போய்விட்டது.

“சாமி ஆடுது!” என்று கூட்டம் கத்தியது. மேளக்காரர்கள் தோல் கிழிந்துவிடும்படி அடித்தார்கள்.

பனி விலகி மலைப்பாதை திறந்ததும் வருகிற திருவிழா அது. அன்று சாமி தான் நினைத்த இடத்துக்குப் போகும். தூக்குகிறவர்கள் தோள் கொடுப்பதோடு சரி. எந்த வீட்டு வாசலில் பல்லக்கு நிற்கிறதோ, அந்த வீட்டுக்குள் தூக்குகிறவர்கள் போய் ஒரு வாய் தண்ணீராவது குடித்தாக வேண்டும். மாட்டேன் என்றால் சாமி குற்றமாகிவிடும்.

இந்த ஒரு வசதிக்காகத்தான், முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல், தையற்காரர் இந்த வருடம் பல்லக்கின் முன்தண்டுக்குத் தோள் கொடுக்க வந்திருந்தார்.

வளையல் கடை, பலூன் கடை, ராட்டினம் எல்லாம் தாண்டிப் பல்லக்கு இப்போது முச்சந்தியில் நின்றது. இடது பக்கச் சந்தில் அவருடைய அண்ணன் வீடு. வலது பக்கச் சந்தில் அவருடைய வீடு.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது தையற்காரர் மகள் கல்யாணத்தில். சொத்துத் தகராறு என்றாலாவது வெளியே சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருந்திருக்கும். கல்யாண ஆல்பத்தின் குடும்பப் படத்தில் அண்ணனுக்குப் பாதி முகம்தான் விழுந்திருந்தது. வேண்டுமென்றே வெட்டிவிட்டான் என்று அண்ணன் சொன்னதாகத் தம்பி காதுக்கு வந்தது. படத்தில் அடங்குகிற மாதிரி நிற்கத் தெரியவில்லை என்று தம்பி சொன்னதாக அங்கே போய்ச் சேர்ந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணன் ஒரு சட்டை தைக்கக்கூட அடிவாரம் வரை போய்வந்தார்.

தையற்காரரும் வீராப்பாகத்தான் இருந்தார், போன வாரம் வரை. அண்ணன் தன் வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு, திருவிழா முடிந்த கையோடு மலையிறங்கி மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறார் என்று போன வாரம் செய்தி வந்தது. அன்று அவர் ஒரு சட்டைக்குப் பொத்தானை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்தார். அண்ணன் இல்லாத மலையில் எப்படி இருப்பது என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

அதற்காகத் தானாகப் போய்க் கதவைத் தட்ட முடியுமா? மானம் மரியாதை என்ன ஆவது? சாமியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அது வேறு கதை. யாரும் வாயைத் திறக்க முடியாது, அவர் மனைவி உட்பட.

ஆனால் சாமி மசியவில்லை.

சாமியாவது, மண்ணாவது! எல்லாம் பின்தண்டுக்காரன் வேலை. நடுவில் தொங்கிய பட்டும் பூச்சரமும் மறைத்ததால் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. என்றாலும் கோயிலில் புறப்படும்போது பின்னால் நின்றது பால்காரன் என்பதை அவர் பார்த்திருந்தார். பாலில் தண்ணீர் கலக்கிறவனுக்கு என் வீட்டுப் பக்கம் என்ன வேலை?

பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். பின்னாலிருந்தும் விடாப்பிடியாகத் தள்ளினார்கள். பல்லக்கு முச்சந்தியிலேயே வட்டமடித்தது.

பூசாரிக்கு உதறல் எடுத்துவிட்டது. “யாரோ மனசுல எதையோ வெச்சுக்கிட்டு மறைக்கிறீங்க! வாய் விட்டுச் சொல்லிடுங்க!” என்று கூவினார்.

ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ரோஜாச் செடியைப் பிடுங்கியது தான்தான் என்றாள். முடிதிருத்துகிறவர், காணாமல்போன ஏணி தன் வீட்டு மச்சில் இருக்கிறது என்றார். “ஏணியா?” என்று கூட்டத்தில் யாரோ பாய்ந்து வந்தார்கள்.

தையற்காரர் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்த தபால்காரர் கடைசியில் இடுப்பு போச்சு என்று அலற, பல்லக்கை அங்கிருந்த கல் மேடையில் இறக்கினார்கள்.

பால்காரனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காகத் தையற்காரர் திரும்பினார். பால்காரன் தெருவோரமாக, கையில் ஒரு பலூனோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். வருகிற வழியில் குழாயடியிலேயே தண்டை வேறு ஆளிடம் மாற்றிக் கொடுத்துவிட்டானாம்.

பூச்சரத்துக்குப் பின்னாலிருந்து மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

“என் தம்பி வீட்டுக்குப் போற சாமிய, எவன்டா அவன் முன்னாடி நின்னு இழுத்துப் பிடிக்கிறது?”

சரத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தார்.

தையற்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம், நல்ல வேளை.

“நாந்தாண்ணே” என்றார்.

முதலில் பேசியது தம்பிதான் என்கிறார் அண்ணன். ஆள் தெரியாமல் திட்டியது பேச்சில் சேராதாம். திட்டினாலும் பேச்சு பேச்சுதான் என்கிறார் தம்பி. இதற்கு ஒரு முடிவு தெரியாமல் மலையிறங்குவதாக இல்லை என்று அண்ணன் கட்டிவைத்த மூட்டைகளைப் பிரித்துவிட்டார்.