இரண்டு சாண் இடம்

"எழுபது வயசுல முதல் தடவையா தோட்டா அடைக்கிற பிரஸ் வாங்க வந்திருக்கீங்க! பலே பெரியவரே!" என்று சிரித்தான் கடைக்காரன் லைல்.

ஆர்ரினுக்குச் சுருக்கென்றது. உள்ளூர்க் கடையில் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள் என்றுதான் அறுபது மைல் வண்டி ஓட்டி, முன்பின் தெரியாத இந்தக் கடைக்கு வந்திருந்தார்.

"என் துப்பாக்கி பழசு தம்பி. அதுக்குத் தோட்டா எந்தக் கடைக்கும் வர்றதில்ல. கைவசம் மூணுதான் மிச்சம். சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குது. இந்த வயோமிங் பனியில நாலு மாசமும் எனக்கு அந்தக் கறிதான்."

"இத்தனை வருஷமா யாரு அடைச்சுக் கொடுத்தா?"

"தெரிஞ்சவங்க."

லைல் மேலே கேட்கவில்லை. வேகமாக ஓடும் பெரிய பிரஸ்களைத் தாண்டிப் போய்ச் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தான்.

"பெருசெல்லாம் பரபரன்னு ஓடும். ஒரு தோட்டாக் கூட்டுல ரெண்டு தடவை வெடிமருந்து விழுந்துச்சுன்னா, துப்பாக்கியோட உங்க முகமும் போயிடும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் சரி. மருந்து போட்ட கூட்டை வைங்க, மேல குண்டை வைங்க, பிடியை இழுங்க. அவ்வளவுதான்."

"முழுசா இழுக்கணுமா?"

"பின்ன? பாதியில விட்டா அது எப்படித் தோட்டாவாகும்? சரி, மேசை இருக்கா?"

"இருக்கு. ஓரத்துல ரெண்டு சாண் இடம்தான் காலி."

"மீதி இடத்துல?"

"வீட்டுக்காரி சாமான்."

"தூக்கி அந்தப் பக்கம் வைங்க!"

"அதை நகர்த்த முடியாது."

லைலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டுல யாரு ராஜ்யம்னு தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன், மருந்து அளக்கறப்ப பக்கத்துல யாரும் பேசக் கூடாது. கவனம் சிதறிடும். அம்மாவைக் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

"அவ பேச மாட்டா."

"சண்டையா?"

ஆர்ரின் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திரும்பும் வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் அந்தப் பெட்டி மட்டும் உட்கார்ந்து வந்தது. யாரோடாவது இரண்டு வார்த்தை பேசினால் தேவலை போலிருந்தது.

பொழுது சாய்வதற்குள் மேசையின் ஓரத்தில் புது பிரஸ்ஸைத் திருகாணி போட்டுப் பொருத்தினார்.

அதற்குப் பக்கத்தில், முப்பது வருஷமாக அவருக்குத் தோட்டா அடைத்துக் கொடுத்த மனைவி நெட்ராவின் பிரஸ் நின்றது. நாலு வருஷத்துக்கு முன் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிரைவிட்ட அன்று கடைசியாக வைத்த கூடும் குண்டும் இன்னும் அதில் அப்படியே இருந்தன. பாதி வரை இறங்கிய பிடியை மீதியும் இழுத்து அவள் வேலையை முடித்துவிட ஆர்ரினுக்கு இன்றும் கை வரவில்லை.