மேனேஜரின் போன்

"போயிட்டு வா. ஆனா நான் கூப்பிட்டா எடுக்கணும். எப்ப அடிச்சாலும் எடுக்கணும்."

மேனேஜர் சொன்னது அவ்வளவுதான். குடோன் சூப்பர்வைசருக்கு அதுவே பெரிய விஷயம்.

மகளுக்கு ஆபரேஷன் நடந்தபோதே வருஷத்து லீவு மொத்தமும் கரைந்துவிட்டது. வேலையும் பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறு வகுப்புக்கும் ஓடி, முட்டி மோதிப் படிக்கிற எம்.பி.ஏ. இந்த வெளிநாட்டுப் படிப்புப் பயணத்தை முடித்தால்தான் பட்டம்.

போய் இறங்கிய மறுநாள் ஒரு கன்டெய்னர் யார்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"பின்பக்க ஷட்டர் சாவி எங்கப்பா?"

"உங்க மேஜை டிராயர்லதான் சார்."

"ஓ. சரி, சரி."

மத்தியானம் மறுபடியும்.

"பெயின்ட் டின்னை எத்தனை அடுக்கு அடுக்கலாம்?"

"நாலு சார். அதுக்கு மேல போனா அடியில இருக்கறது நசுங்கிடும்."

சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தான். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மனுஷன்தான்.

தினமும் இதே கூத்து. கூடப் படிக்கிற பேங்க் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன தம்பி, உங்க மேனேஜருக்கு மூக்கு எங்க இருக்குன்னுகூட நீங்கதான் சொல்லணுமா?"

"வயித்தெரிச்சல்க்கா. படிச்சு முடிச்சா அவர் நாற்காலிக்கு வந்துடுவேனோன்னு பயம்."

"அப்ப எடுக்காதீங்க. என்ன பண்ணிடுவார்?"

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பார்த்ததையெல்லாம் தொகுத்து மேடையேறிப் பேச வேண்டும். அவன் வாயைத் திறக்கவும் பாக்கெட்டில் போன் அதிரவும் சரியாக இருந்தது. கட் பண்ணினான். மறுபடி அதிர்ந்தது. ஒரேயடியாக அணைத்துவிட்டுப் பேசினான். நல்ல கைதட்டல்.

திங்கட்கிழமை நேரே மேனேஜரிடம் போய் நின்றான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டான்.

"ஒரு நாளாவது என்னை நிம்மதியா விட்டீங்களா சார்?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"முதலாளி கூப்பிடறார், வா" என்று முன்னால் நடந்தார்.

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"லீவே இல்லாம நீ வெளிநாடு போயிட்டேன்னு தெரிஞ்சதும் உன் இடத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்லிட்டேன்பா. இவர்தான், 'அவன் லீவுல போகல சார், அங்கிருந்தே குடோனைப் பார்த்துக்கறான்'னு ஒத்தக்கால்ல நின்னார். நான் நம்பல. அதுக்காகவே தினமும் இந்த மேஜையில போனை வச்சு, ஸ்பீக்கர்ல போட்டு உன்கிட்ட பேசினார். கேட்ட உடனே பதில் சொன்னே பாரு, அதுலதான் நான் வாயை மூடிக்கிட்டேன்."

அவன் திரும்பி மேனேஜரைப் பார்த்தான்.

முதலாளி சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது சரி, வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை அடிச்சும் நீ எடுக்கலியே. அன்னைக்கு என்ன வேலை பார்த்தே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அன்னைக்கு நான்தான் சார் நம்பரைத் தப்பா அடிச்சிட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்தான் சார்" என்றார் மேனேஜர், அவன் பக்கம் திரும்பாமலே.