திரும்பாத தட்டு

"எந்திரி! கப்பல் ஏறப் போறவளுக்கு என் கடையில சோறு கிடையாது!"

செலிங் அக்கா மகளின் தட்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். பாதிச் சோறும் கருவாட்டு வாலும் அதில் அப்படியே கிடந்தன.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். எங்கள் தெருவில் யாரையும் பட்டினியாக அனுப்பாத சாப்பாட்டுக் கடை. மேடையில் வரிசையாகச் சட்டிகள், கரண்டிக் காம்பெல்லாம் அக்கா பக்கம். நாங்கள் விரலைக் காட்டினால் போதும், அள்ளிப் போடுவாள். பெற்ற மகளுக்கா இந்தக் கதி?

வாயில் வைத்த கவளத்தை ஜோவெலின் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"அம்மா, செபு தீவுல வேலை சொல்லியிருக்காங்க. இன்னிக்குக் கப்பலை விட்டா வேலையும் போச்சு."

"உங்கப்பனும் இப்படிச் சொல்லிட்டுத்தான் கடலுக்குப் போனான். போடி! செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாத!"

ஜோவெலின் பையைத் தூக்கினாள். ஆட்டோ ஓட்டும் ரூபென் அண்ணன் தன் தட்டின் விளிம்பைப் பிடித்தார். நாங்களும் பிடித்தோம்.

சாப்பாட்டுக்கு நடுவில் ஒருத்தர் கிளம்பினால், மற்றவர்கள் தட்டை இருந்த இடத்திலேயே அரைவட்டம் திருப்ப வேண்டும். அப்போதுதான் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேருவார். எங்கள் லெய்தே தீவில் இது குழந்தைக்கும் தெரியும்.

"எவனாவது தட்டைத் தொட்டீங்க, கரண்டியாலயே போடுவேன்!" அக்கா கத்தினாள். "இவ அப்பன் போனப்பவும் இந்தக் கடையே திருப்புச்சு. வந்தானா?"

கைகள் பின்வாங்கின.

ஜோவெலின் எங்கள் தட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே காற்று வேறு தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"இவல்லாம் ஒரு தாயா?" என்றேன்.

"வாயை மூடிட்டுத் தின்னு," என்றார் ரூபென் அண்ணன். "பள்ளிக்கூடத்தை விட்டப்ப மரியாதையையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டியா?"

மேடைப் பக்கம் 'கரக், கரக்' என்று சட்டி உரசும் சத்தம். மகள் போன பிறகும் கோபம் அடங்கவில்லை, சட்டியைப் போட்டு உருட்டுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. முகத்துக்கு நேராகவே கேட்டுவிடலாம் என்று எழுந்து போனேன்.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கைகளையும் தண்ணீர் வாளிக்குள் முக்கியிருந்தாள். விரல்கள் சிவந்து கன்றிப் போயிருந்தன.

"என்னக்கா, சுட்டுக்கிட்டியா?"

"உனக்கென்ன வேணும்? விரலைக் காட்டிட்டுப் போ."

சட்டிகளைப் பார்த்தேன்.

எப்போதும் அவள் பக்கம் இருக்கும் கரண்டிக் காம்புகள் அத்தனையும் இப்போது எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. எங்களைத் தட்டைத் தொட விடாதவள், கொதிக்கிற சட்டிகளை ஒன்று விடாமல் வெறுங்கையால் திருப்பி வைத்திருந்தாள்.