தொப்பிக் கடைக் கண்ணாடி

கிரீஸின் நாக்ஸோஸ் தீவில் புஷ்பரதி வழிகாட்டி. அவள் கண்ணில் பொருத்திய கேமரா வழியாகத் தினமும் ஆறு பேர், வீட்டில் உட்கார்ந்தபடியே தீவைச் சுற்றுவார்கள். காட்சியில் தீவைத் தவிர வேறெது குறுக்கே வந்தாலும் கேமராவே அழித்துவிடும் என்பது கம்பெனியின் பெருமை.

ஒப்பந்தம் முடியும்வரை அவள் தன் வீட்டோடு குரலில் மட்டும்தான் பேசலாம். அதனால் இன்று தூத்துக்குடியிலிருந்து மகள் ஜோவிட்டாவே ஆறாவது பயணியாக வந்திருந்தாள்.

"யம்மா, கடல் இங்கயே கெடக்கு. எங்கயாவது கண்ணாடியப் பாரும்மா. ஒன் மொகத்தப் பாத்து மூணு வருசமாச்சு."

கடற்கரைத் தெருவில் ஒரு தொப்பிக் கடை. மற்ற ஐவரும் முணுமுணுக்க, புஷ்பரதி அதன் வாசல் கண்ணாடிமுன் நின்று தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

"தெரியுதா மக்கா?"



"கண்ணாடியிலயும் கடல்தாம்மா கெடக்கு. நீ எங்க நிக்க?"