டிப்ஸ் சாரின் பூட்டு

இடுப்பில் ஒரு துண்டு, தலையில் சோப்பு நுரை. அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் நாலாவது மாடியில் ஒரு கதவுப் பூட்டில் நம்பர் நம்பராக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் பூட்டு கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கைக் காட்டியது.

திருடன் என்று அவசரப்பட்டுவிட வேண்டாம். அது அவருடைய சொந்த வீடு. குடியிருப்பில் அவருக்கு ‘டிப்ஸ் சார்’ என்று பெயர். விடிந்தும் விடியாமல் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அறிவுரை போட்டுவிடுவார். சும்மா மாட்டியிருக்கும் சார்ஜரைப் பிடுங்குங்கள், பார்க்காத சேனலுக்குப் பணம் கட்டாதீர்கள், ஓ.டி.பி.யைப் பெற்ற தாய்க்கும் சொல்லாதீர்கள். யாரும் கேட்டதில்லை, அவரும் விட்டதில்லை.

பூட்டு பாதி விலைக்கு வந்தது. கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். வாராவாரம் நம்பரை மாற்ற வேண்டும் என்பது டிப்ஸ் சாரின் சட்டம். இந்த வாரம் மனைவியின் முறை. காலையில் மாற்றிவிட்டு, புது நம்பரை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

போன் வீட்டுக்குள்ளே. பாதிக் குளியலில் குப்பை வண்டியின் மணி கேட்டு, கூடையை வெளியே வைக்க வந்தவருக்குப் பின்னால் கதவு சமர்த்தாகச் சாத்திக்கொண்டது.

இப்போது மணி பத்தே முக்கால். பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரில் நேர்காணல். ஐந்து மாதமாக வேலையில்லாமல் இருப்பவருக்கு இதையும் விட்டால் வேறு கதி இல்லை.

நல்லவேளையாகப் பார்சல்காரர் ஒருவர் படியேறி வந்தார். துண்டைப் பார்த்துச் சற்றுத் தயங்கினாலும் போனைக் கொடுத்தார். மனைவியின் நம்பர் எப்படியோ மனப்பாடமாக இருந்தது.

அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். “வணக்கம், சொல்லுங்க” என்றாள்.

“நான்தாம்மா. வெளியில மாட்டிக்கிட்டேன். கதவு நம்பர் சொல்லு, சீக்கிரம்!”

“யாரு பேசறது? இது எங்க வீட்டுக்காரர் நம்பர் இல்லையே?”

“என் குரல்கூடவா தெரியல உனக்கு?”

“குரல், முகம் எதையும் நம்பக் கூடாது, எல்லாத்தையும் கம்ப்யூட்டரே போலியா செஞ்சுடுதுன்னு எங்க வீட்டுக்காரர் உத்தரவு. ரகசியக் கேள்வி ஒண்ணு வச்சிருக்கோம். கேக்கட்டுமா?”

தான் போட்ட சட்டம் இவ்வளவு அழகாக வேலை செய்வதில் அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. “கேளு, கேளு” என்றார்.

“நமக்குக் கல்யாணம் ஆனது என்னிக்கு?”

போன வாரம் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அப்போது மனைவி ஏனோ தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள். அவர் ரோஷப்பட்டு, அவள் இல்லாத நேரத்தில் அலமாரியைக் குடைந்து, பதிவுச் சான்றிதழை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உருப்போட்டிருந்தார்.

“செப்டம்பர் பத்து, ரெண்டாயிரத்து ஆறு. ஞாயித்துக்கிழமை!” கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தார். “போதுமா?”

அந்தப் பக்கம் யாருக்கோ பல் குடையும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஓஹோ” என்றாள். போன் கட்டாகிவிட்டது.

மெசேஜில் அனுப்பப் போகிறாளாக்கும் என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் மணியே போகவில்லை.

“போனைக் குடுங்க சார், இன்னும் பன்னெண்டு வீடு பாக்கி” என்று பிடுங்கிக்கொண்டு பார்சல்காரர் இறங்கிப் போனார்.

லிஃப்ட் திறந்தது. கையில் தடியோடு வாட்ச்மேன், நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர், பாய்ந்து வந்து டிப்ஸ் சாரின் நுரைத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மறு கையில் போன்.

“ஆள் அகப்பட்டான் மேடம்! நீங்க சொன்னாப்பலயே உங்க கதவுகிட்டதான் நின்னான். போலீசைக் கூப்பிடவா?”

“யோவ், விடுய்யா! நான்தான்யா இந்த வீட்டு ஆளு!” ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கு நேரே இருந்த போனில் மணியைப் பார்த்து அலறினார். “கேட்டதுக்குச் சரியாத்தானே பதில் சொன்னேன்? மணி பத்து அம்பத்து மூணு ஆச்சு, என் இன்டர்வியூ போச்சு!”

“மேடம், உங்க வீட்டுக்காரர்னு சத்தியம் பண்றான்.”

“அப்படியா? போனை ஸ்பீக்கர்ல போடுங்கண்ணா” என்றாள். “என் பிறந்தநாள் என்னிக்கு? சொல்லச் சொல்லுங்க.”

இதற்குச் சான்றிதழ் எதையும் டிப்ஸ் சார் தேடியிருக்கவில்லை.

“அது வந்து... ஜூன்... இல்ல இல்ல, ஜூலை. பதினாலா? இருபத்தி... இரு இரு, நவம்பர்!”

“வசமா மாட்டிக்கிட்டான் மேடம்!” வாட்ச்மேன் பிடியை இறுக்கினார். “ஒரு மண்ணும் தெரியல இவனுக்கு!”

ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“விட்டுடுங்கண்ணா. என் வீட்டுக்காரரேதான்.”