மேல் தட்டுப் பெருங்காயம்

ஒலியில் ஒன்றுபோல் இருக்கும் இங்கிலீஷ் சொற்களைச் சண்முகவடிவு சமையலறையில்தான் படித்தாள். டப்பாவுக்கு ஒரு ஜோடி எழுதி ஒட்டி, சமைக்க எடுக்கும்போதெல்லாம் மனப்பாடம் செய்தாள். நூலக வேலைக்கான தேர்வு அது. வயது வரம்பின்படி இதுவே கடைசி வாய்ப்பு.

தேர்வறையில் கேள்வியைப் படித்ததும் அவள் கை காற்றில் நீண்டது. இல்லாத டப்பாவை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், விடை எழுதினாள். கடுகு டப்பாவில் இரண்டு ஸ்டேஷனரி. ஒன்று, அசையாமல் நிற்பது. மற்றது பேப்பரும் பேனாவும். ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் அசையாமல் கடை போட்டவன் விற்ற சரக்கு என்பதால் வந்த பெயர்.

"காத்துல என்னம்மா தேடுதீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"கடுகு டப்பா சார்."

"சரி, பக்கத்து வீட்டு டப்பாவத் தொட்டுராதீங்க."

மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். சண்முகவடிவு எழுந்து, நுனிக்காலில் நின்று, கையை உயர நீட்டினாள்.

"உக்காருங்கம்மா. எந்திரிக்கக் கூடாது."

"பெருங்காயம் சார், மேல் தட்டு. வீட்டுலயே முக்காலி போட்டுத்தான் எடுப்பேன்."

கண்காணிப்பாளர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிவந்து அவள் அருகில் போட்டார்.